தம்பி கொண்டுவந்த ஷீட்

டொக்கு அக்காவுக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்தது அவள் தம்பிதான். திறந்து கிடக்கும் கதவைக்கூட அவள் தட்டாமல் விடமாட்டாள். வீட்டுக்குப் புது பீரோ வந்தால் அதற்கு ஒரு தட்டு, ஃப்ரிட்ஜுக்கு ஒரு தட்டு. கார்க் கதவு என்றால் கேட்கவே வேண்டாம். விரலை மடக்கித் தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்பாள். 'டங்' என்றால் வெறும் தகரம், ரோட்டுச் சத்தமெல்லாம் உள்ளே வரும். 'தப்' என்றால் உள்ளே சத்தத்தை அடக்கும் நல்ல ஷீட் ஒட்டியிருக்கிறது, வண்டிக்குள் மனிதர் பேச்சு காதில் விழும். அந்த 'டங்'கை 'தப்' ஆக்குவதுதான் அவள் பிழைப்பு.

"தப்பு பண்ணியே பெரிய ஆளாயிட்டா எங்க அக்கா" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் தம்பி சொல்லிச் சிரிப்பான்.

கடை இரண்டு பேருக்கும் பொது. ஒட்டுவது அவள், சரக்கு வாங்குவது அவன். கடை தேடி எந்த வியாபாரி ஷீட் கொண்டுவந்தாலும் அவள் முதலில் ஓரத்தை வளைத்து இழுத்துப் பார்ப்பாள். பியூட்டில் என்கிற ரப்பர் ஷீட் சூயிங்கம் போல நீளும். மட்டமான தார் ஷீட் பிய்ந்துகொண்டு வரும். அப்புறம் ஒரு துண்டை வெயிலில் நிற்கும் வண்டியின் மேல் ஒட்டிவிட்டுச் சாப்பிடப் போவாள். திரும்பி வரும்போது அது வழுக்கி இறங்கியிருந்தால், சரக்கு வாசலோடு சரி.

"என்னம்மா, மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி பார்க்கிறீங்க?" என்று ஒருவர் சலித்துக்கொண்டார்.

"மாப்பிள்ளையை இவ்வளவு பார்க்காம விட்டுட்டேன்ணே. ஷீட்டையாவது பார்க்கிறேன்."

தம்பி கொண்டுவரும் சரக்குக்கு மட்டும் இந்தச் சோதனையெல்லாம் கிடையாது. பெட்டியைப் பிரிப்பாள், ஒட்டுவாள்.

டாக்ஸி ஓட்டும் பெரியவர் ஒருவர் வந்தார். அவருக்கு ஒரு காது மந்தம். "பின்னாடி இருக்கிறவங்க 'நிறுத்துங்க'ன்னா எனக்கு 'துரத்துங்க'ன்னு கேக்குதும்மா" என்றார். நாலு கதவுக்கும் பியூட்டில்தான் சரி என்று அவளே தேர்ந்து சொன்னாள். "இனிமே பின் சீட்ல பெருமூச்சு விட்டாக்கூடக் கேக்கும்ணே" என்று வாக்கும் கொடுத்தாள். தம்பி கொண்டுவந்த பெட்டியைப் பிரித்தபோது லேசாக ஒரு வாடை வந்தது. "புது சரக்குக்கா, போயிடும்" என்றான் தம்பி. சரி என்று ஒட்டிவிட்டாள்.

வெயில் ஏறிய காலத்தில் பெரியவர் திரும்பி வந்தார். "வண்டிக்குள்ள ரோடு போடுற வாடைம்மா. ஏறினவங்க மூக்கைப் பொத்திக்கிட்டு இறங்கிடறாங்க. கண்ணாடியும் பாதியில நின்னுடுது."

அவள் கதவைத் தட்டினாள். 'டங்'.

உள்பலகையைக் கழற்றினாள். ஷீட்டின் மேல் இருந்த வெள்ளித்தாள் கழன்று கண்ணாடிமேல் சாய்ந்து கிடந்தது. கறுப்பாக உருகி வழிந்த பசை, கதவின் அடியில் மழைநீர் இறங்கும் துளைகளை அடைத்திருந்தது. போன மழைக்கு வீட்டு மொட்டை மாடி ஒழுகியபோது தம்பி தன் கூட்டாளியிடம் வாங்கிவந்து ஒட்டினானே, அதே தார் ஷீட். மூலைக்கு மூலை அவளுடைய கட்டைவிரல் அழுத்திய பள்ளம்.

"என்னடா இது?"

"ஷீட்டு."

"எதுக்கு ஒட்டுற ஷீட்டு?"

அவன் தரையைப் பார்த்தான். "பியூட்டில் கிடைக்கலக்கா. இவர் வேற அவசரப்பட்டாரு. கதவுக்குள்ள யாரு பார்க்கப் போறாங்க?"

"பெட்டி பியூட்டில் பெட்டிதானே?"

"அது பழைய பெட்டி. காலியாக் கிடந்துச்சு."

மட்டமான சரக்கு வாங்கியதுகூட அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. உட்கார்ந்து, அளவாக வெட்டி, பழைய பெட்டியில் மடிப்புக் கலையாமல் அடுக்கியிருக்கிறானே, அது யாருக்காக? பெரியவர் பெட்டியைக் கண்ணாலும் பார்க்கவில்லை. இந்தக் கடையில் பெட்டியைப் பார்க்கிற ஆள் அவள் ஒருத்திதான்.

"சொன்னா நீ வளைச்சுப் பார்ப்ப, வேணாம்ப, அதான்..."

"நீ கொண்டுவந்ததை நான் என்னைக்குடா வளைச்சுப் பார்த்தேன்?"

அவன் கழற்றிய உள்பலகையை எடுத்துச் சுவரோரம் சாய்த்து வைத்தான்.

"இன்னும் எத்தனை வண்டியில ஒட்ட வச்சிருக்க?"

"சத்தியமா இது ஒண்ணுதான்க்கா."

நேற்றுவரை அவன் சத்தியம் செய்ய வேண்டிய தேவையே இருந்ததில்லை. இன்று சத்தியம் செய்தும் நம்ப முடியவில்லை.

பெரியவர் நல்ல காதைத் திருப்பினார். "என்னம்மா, தம்பி எதாச்சும் தப்பு பண்ணிட்டாரா?"

"ஒட்டினது நான்ணே. நானே சரி பண்ணித் தர்றேன்."

மண்ணெண்ணெயும் துணியுமாக நாலு கதவையும் அவள் தனியாகச் சுரண்டித் துடைத்தாள். தம்பி ஒரு துணியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தான். அவள் அதை வாங்கிக்கொண்டாள், அவனுக்கு இடம் விடவில்லை.

புதுப் பெட்டியை அவனே போய் எங்கிருந்தோ வாங்கிவந்து அவள் முன் வைத்தான். அவள் பிரித்தாள். ஒரு ஷீட்டை உருவி, ஓரத்தை வளைத்து இழுத்தாள். நீண்டது. ஒரு துண்டை வெட்டி, டாக்ஸியின் மேல் ஒட்டினாள். இந்தத் தடவை சாப்பிடப் போகவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு அதன் எதிரிலேயே உட்கார்ந்தாள்.

"என்னக்கா, என் சரக்கையுமா?" என்றான் அவன், வண்டியோரமாக வந்து நின்று.

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"வெயிலை மறைக்காத. தள்ளி நில்லு."