அழகியமணவாளன் எண்ணிய கால்கள்

சின்னக் காஞ்சிபுரத்து அழகியமணவாளன் பட்டணத்தில் வைத்தியம் படித்தான். நானும் அதே வகுப்பில் பெஞ்சைத் தேய்த்தவன்தான். அதனால் அவனைத் திட்ட எனக்கு உரிமை உண்டு.

முப்பத்தோராம் வருஷக் கோடை விடுமுறைக்கு முன் எங்கள் புரொபஸர் ஒரு வேலை கொடுத்தார். அவரவர் ஊரில் யானைக்கால் எத்தனை பேருக்கு என்று வீடு வீடாகப் போய் எண்ணிவர வேண்டும். “வாயைக் கேட்டு எழுதாதே, காலைப் பார்த்து எழுது” என்று மூன்று தடவை சொன்னார். நோய் அதிகமுள்ள தெருவில் கொசு பெருகும் சாக்கடைக் குட்டையை முனிசிபாலிட்டி முதலில் மூடுவதாக ஏற்பாடு.

மகானுபாவன் நெசவாளர் தெருவை இரண்டே காலையில் முடித்துவிட்டான். விருந்தாளியாகப் போயிருந்த நானும் கூட நடந்தேன். வாசல்படியை அவன் தாண்டவே இல்லை. உள்ளே எல்லோரும் குழித்தறியில் காலை இறக்கி உட்கார்ந்திருந்தார்கள். அவன் கண்ணில் பட்டதெல்லாம் முதுகும் கையும்தான்.

“வேலாயுதம், கால்ல வீக்கம் கீக்கம் உண்டா?”

“ஒண்ணுமில்ல சாமி” என்றார் வேலாயுத முதலியார், இழைகளுக்குள் ஓடும் நாடாவை நிறுத்தாமல். மகளுக்கு வரன் தேடுகிற மனிதர் வேறென்ன சொல்வார்?

அவர் மனைவி அங்கம்மாளுக்குப் பொறுக்கவில்லை. “பொய் சொல்லுது சாமி. எழுந்திரிக்கச் சொல்லிப் பாருங்க. வீட்டுக்குப் பின்னால கெடக்கிற அந்தக் குட்டைய மூடினாத்தான் எம் பொண்ணு காலாவது தப்பும்.”

“பாதியிலே எழுப்பினா இழை அறுந்துடும்மா. எனக்கும் நாழியாறது.”

இழைமேல் என்ன கருணை! ‘இல்லை’ என்று எழுதிக்கொண்டு நடையைக் கட்டினான். அவன் வீட்டுச் சாப்பாட்டை நினைத்து நானும் வாயை மூடிக்கொண்டேன். வெட்கக்கேடு.

நெசவாளர் நூற்றுப் பத்துப் பேர், வீக்கம் பூஜ்யம். அத்தோடு விட்டானா? தறிக்குழியில் உட்காருவோரை யானைக்கால் அண்டாது என்று ஒரு முடிவையும் கட்டிவிட்டான். புரொபஸர் அதை வகுப்பில் வாசித்து, “ஆராய்ச்சி என்றால் இது!” என்று முதுகில் தட்டினார். காலைப் பார்த்தாயா என்று அந்தப் பெரிய மனிதர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முனிசிபாலிட்டி கோயில் பக்கத்துக் குட்டையை மூடிவிட்டு, நெசவாளர் தெருவை மறந்தது.

நாலு வருஷம் கழித்து அவன் சொந்த ஊரிலேயே டாக்டர் பலகை மாட்டினான். நான் பார்க்கப் போயிருந்த அன்று, அங்கம்மாள் தன் மகள் அம்சவேணியை அழைத்து வந்தாள். பெண்ணின் வலது கால் கணுக்காலுக்கு மேல் வீங்கிப் பளபளத்தது.

“இவ தறியிலே உக்காருவாளா?”

“இல்ல சாமி. வெளியில உக்காந்து தாருக்கு நூல் சுத்திக்கினு கெடக்குது.”

“அதான்!” என்றான், ஏதோ புதிதாகக் கண்டுபிடித்துவிட்டவன் மாதிரி. “நாளையிலேர்ந்து குழியிலே உக்காரச் சொல்லு.”

“அதுல ஏது சாமி எடம்?” என்றாள் அங்கம்மாள். “அவங்கப்பா காலே இப்ப அதுல அடங்க மாட்டேங்குது.”