கிற்றார்ப் பாட்டைப் பிடித்துவர வவுனியா போனோம்

எங்கள் மூன்றாவது பிள்ளை பிறந்து பதினோராம் நாள், வவுனியாக் கார்ணிவலுக்குக் கொழும்பிலிருந்து கிற்றார்க் கோஷ்டி ஒன்று வந்தது. பிள்ளையிலும் பிழையில்லை, கோஷ்டியிலும் பிழையில்லை. ஆனால் முப்பத்தோராம் நாள் பிள்ளைப்பேற்றுத் துடக்கு, அந்தத் தீட்டு, கழியுமட்டும் என் மனைவி பரமேஸ் படலை தாண்டக்கூடாது. அவள் கொழும்பு ரயில்வே குவாட்டர்ஸில் றேடியோவில் இங்கிலீஸ் பாட்டுக் கேட்டு வளர்ந்தவள். என்னைக் கட்டி இரணைமடுப் பக்கம் வந்தபின் அவளுக்குக் கிடைத்த சங்கீதம் தவளையும் நானும்தான்.

"இஞ்சாருங்கோ, நீங்கள் போய் அந்தப் பாட்டுகளைப் பிடிச்சுக்கொண்டு வாங்கோ."

"அதென்ன விரால் மீனே, பிடிச்சு வர?"

"காசிம் நானாட்டை ரேப் றெக்கோடர் இருக்கெல்லே!"

காசிம் நானா கிளிநொச்சியில் புடைவைக்கடை வைத்திருக்கும் முல்லைத்தீவுக்காரர். கப்பலில் வேலை செய்யும் மருமகன் கொடுத்த மெசினைத் தனியே விட மனமில்லாமல் தானும் புறப்பட்டார். ஆறு ரோச் லைற் பற்றறியில் ஓடும் மெசின் அது. அவர் சொன்னபடி புதுப் பற்றறிகள் வாங்கினேன். ஆனால் அவற்றைப் பரமேஸ் கேட்பதற்கென்று வீட்டில் வைத்துவிட்டு, றேடியோவில் ஓய்ந்துபோய், கொஞ்சம் உயிர் வரட்டுமென்று சுளகில் வெயில் காயவைத்திருந்த பழைய ஆறையும் போட்டுக்கொண்டேன். எட்டாம் வகுப்புப் படித்த மூளை அவ்வளவுதான் ஓடும்.

இரணைமடுச் சந்தியில் மத்தியானம் பன்னிரண்டரைக்கு பஸ். வவுனியாவுக்கு நாற்பத்து நான்கு மைல், ஆளுக்கு இரண்டு ரூபாய். மெசின் என் மடியில்.

"அண்ணை, பெட்டிக்கும் ரிக்கெற் எடுக்கோணும்," என்றார் கொண்டக்டர்.

"மடியிலை இருக்கிறதுக்குமோ தம்பி?"

"கைப்பிள்ளை எண்டா விடலாம்."

நானா முந்திக்கொண்டார். "இது இவற்றை நாலாவது பிள்ளை. இன்னும் பேச்சு வரேல்லை, இரவைக்குத்தான் கதைக்கும்."

பஸ் முழுக்கச் சிரித்தது. ரிக்கெற் தப்பியது. இந்த வழியால் போகிறவர்களுக்கு: மாங்குளத்தில் தேத்தண்ணீர் நன்றாக இருக்கும், இறங்கிக் குடியுங்கள்.

கார்ணிவலில் ஆறரைக்குத் தொடங்கினார்கள். காதை மூடிய தலைமயிரும் குழாய்க் காற்சட்டையுமாய் நான்கு பொடியன்கள். முதல் கிற்றார்ச் சத்தம் என் நெஞ்சுக்கூட்டுக்குள் அடித்தது. பாட்டில் ஒரு சொல் விளங்கவில்லை. ஆனால் வரம்பு வெட்டுகிற இந்தக் கால் தன்பாட்டில் ஆடத் தொடங்கிவிட்டது! நானா குடை நுனியில் மைக்கைக் கட்டி உயர்த்திப் பிடித்தார். பன்னிரண்டு பாட்டையும் பிடித்துக்கொண்டு, நெளுக்குளத்தில் மச்சான் வீட்டில் படுத்து, விடிய முதல் பஸ்ஸில் திரும்பினோம்.

பரமேஸ் பிள்ளையோடு அறை வாசலில் இருந்தாள். நானா முற்றத்தில் கதிரையில். நான் புதுப் பற்றறிகளைப் பெருமையாகப் போட்டு மெசினைத் தட்டினேன்.

கீச்சு கீச்சு கீச்சு.

"இதென்ன, அணில் குஞ்சுகளே பாடுதுகள்?" பரமேஸின் முகம் வாடிவிட்டது.

"ரேப் பழுது போல தம்பி," என்று நானா தலையைச் சொறிந்தார். எனக்குக் கிணற்றுக்குள் இறங்கி நிற்கலாம் போலிருந்தது. இன்னொரு கோஷ்டி இந்தப் பக்கம் எப்போது வரும்?

பரமேஸ் கொஞ்சம் யோசித்தாள். "அங்கை எந்தப் பற்றறி போட்டனீங்கள்?"

"காயவைச்சது."

"அப்ப மெசின் மெள்ள ஆறுதலாச் சுத்திப் பிடிச்சிருக்கு. இப்ப புதுசிலை விழுந்தடிச்சு ஓடுது. பழசைப் போடுங்கோப்பா!"

போட்டேன். பொடியன்கள் குரல் தடித்து மனிதரானார்கள். கிற்றார் அதிர்ந்தது, சனம் விசில் அடித்தது. நடுவில் என் குரல்: "நானா, குடையை உயத்துங்கோ!" பரமேஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள், பிள்ளையை மடியில் ஆட்டியபடி. இரண்டாம் பாட்டு முடிகிறபோது குரல் எருமையாகி நின்றுவிட்டது. பற்றறி செத்துப்போயிற்று.

அன்றிலிருந்து சுளகில் செத்தல் மிளகாயோடு ஆறு பற்றறியும் காய்கின்றன. ஒருநாள் வெயிலுக்கு இரண்டு பாட்டு. துடக்குக் கழியுமட்டும் மெசின் இருக்கட்டும் என்று நானா விட்டுப்போனார்.

இப்படிப் போக நினைப்பவர்கள் பாட்டுப் பிடிக்கிற இடத்திலேயே புதுப் பற்றறி போடுங்கள். மைக்குக்குப் பக்கத்தில் வாயைத் திறக்காதீர்கள். குடை கட்டாயம்.

இன்று வானம் மப்பு. விதைப்புக்கு மழை வேண்டிப் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்த கமக்காரன் நான். பரமேஸோ வாசலில் இருந்து வானத்தைத் திட்டுகிறாள். பிள்ளையாரே, குளம் நிரம்பட்டும். ஆனால் ஒரு சுளகு அகலத்துக்கு மட்டும் வெயிலை விட்டுவையும். இன்னும் நான்கு பாட்டுக் கேட்காமல் கிடக்கிறது.