ஒடைக்கிற கேமும் வீரணன் மேஸ்திரியும்

வீரணன் மேஸ்திரி எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் சுவரைத் தட்டிப் பார்ப்பார். நடுவிரலை மடக்கி இரண்டு தட்டு. வங்கியிலும் தட்டுவார், கல்யாண மண்டபத்திலும் தட்டுவார். மகளுக்குப் பிரசவமான அன்று பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து நீட்டிய நர்ஸிடம், "கட்டிலக் கொஞ்சம் இங்குட்டு இழுத்துப் போடுங்க தாயி, அந்தச் செவுத்துக்குள்ள சத்தில்ல" என்றவர். பிள்ளை ஆணா பெண்ணா என்று அப்புறம்தான் கேட்டார்.

காரைக்குடியிலும் சுற்றுப்பட்டிலும் பழைய வீடுகளைப் பிரித்தெடுப்பது அவர் தொழில். 'இடிப்பது' என்று யாராவது சொன்னால் முகம் சுருங்கும். "இடிக்கிறது புயலுக்குள்ள வேலை. நான் பிரிக்கிறவன்" என்பார். சிங்கம்புணரிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பதினாறு வயதில் கல் சுமக்க வந்தவர். நான் பழகிய காலத்தில் ஐம்பத்திரண்டு. ஆள் குட்டை, குரல் நெட்டை. அரியக்குடிப் பாதையில் அவர் கட்டியிருந்த வீடு, பிரித்த வீடுகளில் மிஞ்சியதெல்லாம் கூடி நின்றது. எட்டு ஜன்னல்களும் எட்டு உயரம். "எட்டு வீட்டுச் சன்னலு. ஒண்ணுக்கொண்ணு மொகங்குடுத்துப் பேசாது" என்பார் அவர் மனைவி மீனம்மாள்.

இந்த மனிதர் கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு வந்த கதை 1998 ஐப்பசியில் தொடங்குகிறது.

செக்காலையில் பூட்டிக் கிடந்த ஒரு பெரிய வீட்டின் முன்பக்கம் கார் கொட்டகை ஒன்று இருந்தது. கார் பர்மாச் சொத்தோடு போயிற்று; கொட்டகையில் என் நண்பன் சின்னராஜ் மூன்று கம்ப்யூட்டர்களைப் போட்டு 'கேம்ஸ் சென்டர்' நடத்தினான். ஆங்கிலத்தில் திரையில் ஓடுவதைப் படித்துச் சொல்ல நான் இருப்பேன். அந்த மாதம் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக ஒரு சி.டி. வந்தது. அதில், பொங்கலுக்கு வெளிவர இருந்த புது கேமின் ஒரே ஒரு கட்டம் மட்டும் மாதிரிக்கு இருந்தது. ஒரு வீரன். ஒரு பாழடைந்த மாளிகை. உள்ளே ஒரு அசுரன். வீரனுக்குப் பலம், வேகம், மந்திரம் என்று நாமே பங்கு பிரித்துக் கொடுத்து வளர்க்க வேண்டும். இதெல்லாம் முன்பே பார்த்ததுதான். பார்க்காதது ஒன்று: அந்த மாளிகையில் எதை அடித்தாலும் உடைந்தது. கதவு, தூண், சுவர், கூரை, பானை, எல்லாம். கேமுக்கு ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயர். எங்கள் கடையில் அது 'ஒடைக்கிற கேம்'.

மூன்று வாரம் கடை நிரம்பி வழிந்தது. ஆனால் ஒருவரும் அசுரனைக் கொல்லவில்லை. பாலிடெக்னிக் மாணவன் பாண்டிமுருகன் சுவர் சுவராக உடைத்துக்கொண்டே போனான்.

"என்னடா தேடுற?" என்றான் சின்னராஜ்.

"பழைய வீடுண்ணே. செவுத்துக்குள்ள எங்குட்டாச்சும் தங்கம் வச்சிருப்பாய்ங்க."

"அது இங்கிலீஷ்காரன் வரைஞ்ச வீடுடா."

"அவனுக்கு மட்டும் தங்கம் கசக்குமா?"

ஜவுளிக்கடைச் சிப்பந்தி குழந்தைவேலு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வருவார். காலையிலிருந்து பிரித்துப் போட்ட சேலைகளை மடித்து அடுக்கிய கை. உட்கார்ந்ததும் பானையாக, கண்ணாடியாகப் பார்த்து உடைப்பார். அசுரன் பின்னாலிருந்து வந்து வெட்டுவான். செத்துப்போவார். "நிம்மதியா இருக்கு" என்று எழுந்து போவார்.

அப்படி ஒரு மத்தியானத்தில்தான் வீரணன் மேஸ்திரி உள்ளே வந்து சுவரில் இரண்டு தட்டுத் தட்டினார். பின்னாலேயே அந்த வீட்டுப் பங்காளிகளின் ஏஜெண்டு மெய்யநாதன். வீட்டுக்கு ஏழு பங்காளிகள். பினாங்கிலும் கல்கத்தாவிலுமாக ஏழு பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். வீட்டைப் பிரிக்கும் வேலை மேஸ்திரிக்கு.

"கார்த்திகை கடைசிக்குள்ள காலி பண்ணிருப்பா. மொதல்ல இந்தக் கொட்டகையத்தான் எடுக்கணும். இல்லாட்டி லாரி உள்ள வராது" என்றார் மெய்யநாதன்.

சின்னராஜ் சுவரில் தொங்கிய காலண்டரைத் திருப்பிப் பார்த்தான். அவன் வேறு இடம் தேடாதவன் இல்லை. கேம் கடை என்றாலே விடலைப் பையன் கூட்டம் என்று ஊரில் ஒருவரும் வாடகைக்கு இடம் தரவில்லை. கடை போனால் மாமனாரின் சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கிழிக்க வேண்டியதுதான் என்று அவன் மனைவி பெல்சி ஏற்கனவே சொல்லி வைத்திருந்தாள்.

மேஸ்திரி இதையெல்லாம் கேட்டதாகத் தெரியவில்லை. அவர் கண் பாண்டிமுருகனின் திரையில் இருந்தது. வீரன் வாசல் நிலையைச் சுத்தியலால் விளாசிக்கொண்டிருந்தான்.

"ஏய், ஏய்! நிறுத்துடா!" என்று கத்தினார். பாண்டிமுருகன் நாற்காலியோடு நகர்ந்துவிட்டான். "நெலையில மொத அடி அடிக்கிறியே, வெளங்குவியாடா நீயி? ஒரு சூடம் காட்டுனியா? மேல ஓடு கெடக்கு, கைமரம் கெடக்கு, கீழ நின்னு இடிக்கிற. தலையில விழுந்தா யாரு பதில் சொல்றது?"

"இது கேமுங்க மேஸ்திரி."

"எதா இருந்தா என்ன, வீடுதானய்யா? அங்குட்டுப் போ. படி இருக்கா? மாடிக்கு ஏறு."

பாண்டிமுருகன் ஏறினான். மேஸ்திரி பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, திரையில் விரல் வைத்து வழி சொன்னார். ஓடு எடு. அந்தச் சட்டத்தைத் தொடாதே. கீழே அசுரன் கர்ஜித்துக்கொண்டு கூடத்தில் உலாத்தினான்.

"அவன் என்ன கத்திக்கிட்டே இருக்கான்? வீட்டுக்காரனா?"

"அவனைத்தான் கொல்லணும்" என்றேன் நான்.

மேஸ்திரி கூடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இப்ப எறங்கி வா. நாலு தூண் நிக்கிதுல்ல, இந்த மூலைத் தூண்லதான் அம்புட்டுப் பாரமும் நிக்கிது. கட்டுனவனுக்குக் கணக்குத் தெரியல. அதுல ரெண்டே அடி. அடிச்சிட்டுத் திரும்பிப் பாக்காம வெளிய ஓடிரு."

இரண்டு அடி. பாண்டிமுருகன் ஓடினான். மாடி மொத்தமும் ஒரு பெருமூச்சு விட்டதைப் போல இறங்கி, அசுரன் மேல் உட்கார்ந்தது. திரையில் ஆங்கிலத்தில் வெற்றி என்று வந்தது. நான் படித்துச் சொன்னேன். மூன்று வாரமாகச் செத்துக்கொண்டிருந்த கூட்டம் கூரை அதிரக் கத்தியது. மெய்யநாதனும் கை தட்டினார். பிறகு எதற்கு வந்தோம் என்று நினைவு வந்து நிறுத்திக்கொண்டார்.

பத்திரிகையில் முழு கேமிலிருந்து ஒரு படம் போட்டிருந்தார்கள்: நூறு தூண் அரண்மனை. மேஸ்திரி அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, கல்யாணத்துக்குப் பெண் படம் பார்ப்பவர் போலப் பார்த்தார். சின்னராஜ் அந்த முகத்தைக் கவனித்துவிட்டான். மெய்யநாதன் போனதும் மெதுவாகச் சொன்னான்: "பொங்கலுக்கு வருதுண்ணே. ஆனா கடை இருந்தாத்தான..."

மேஸ்திரி யோசித்தார். பிறகு எல்லாரும் கேட்க அறிவித்தார்: "கானாடுகாத்தான்ல ஒரு வேலை கெடக்கு. அத முதல்ல முடிக்கிறேன். இந்தக் கேம் என்னைக்கு வருதோ, அன்னைக்கு நான் வெளையாடுறேன். மறுநாள் இங்க கடப்பாரைய எறக்குறேன். இது என் வாக்கு."

அன்றிலிருந்து கடையின் ஆயுள் ஒரு கேமின் ரிலீஸ் தேதியில் தொங்கியது.

விளையாடிப் பார்த்தவர்கள் கருத்தை எழுதச் சொல்லிப் பத்திரிகை கேட்டிருந்தது. மேஸ்திரி சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுதினேன். நிலையை உடைக்க யாரையும் விடக் கூடாது. ஓட்டைக் கழற்றாமல் சுவரில் கை வைத்தால் பலத்தில் பாதியைக் குறைக்க வேண்டும். விழுகிற தூசி போதாது. சுண்ணாம்புச் சுவர் விழுந்தால் கால் மணி நேரம் கண் தெரியாது. இங்கே உடனே தெரிகிறது, இது பொய். மந்திரம் வேண்டாம், கடப்பாரை வேண்டும். கடைசியில், "அசுரனுக்குப் பாத்தியதை உண்டா, வாடகைக்கு இருக்கானா, அதத் தெளிவாச் சொல்லச் சொல்லு" என்றார். அதையும் எழுதினேன்.

பொங்கலுக்கு கேம் வரவில்லை. சித்திரைக்குத் தள்ளிவிட்டதாக அடுத்த இதழில் இருந்தது. பாண்டிமுருகன் பத்திரிகையைத் தரையில் அடித்தான். குழந்தைவேலு சாப்பிடாமல் போனார். கடையில் ஒருவன் முகம் மட்டும் மலர்ந்தது. சித்திரை ஆடியானபோது, சின்னராஜ் அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிறான் என்பதை பெல்சி கண்டுபிடித்துவிட்டாள்.

"கேம் வந்துறக் கூடாதுன்னு வேண்டிக்கிற கேம் கடைக்காரர் ஒலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்" என்றாள். "அந்தோணியார் காணாமப் போனதக் கண்டுபிடிச்சுக் குடுக்குறவர். வரவேண்டியத வழியில நிறுத்துறவரு இல்ல."

இடையில் மெய்யநாதன் வந்து வந்து போனார். மேஸ்திரி மார்கழியில் நிலையைத் தொடமாட்டேன் என்றார். தையில் ஆள்கள் அறுப்புக்குப் போய்விட்டார்கள். சித்திரையில் அம்மனுக்குக் காப்புக் கட்டியாயிற்று. ஆடியில் யார் கடப்பாரை தூக்குவார்கள்?

புரட்டாசியில் அது வந்தேவிட்டது. மெட்ராஸ் பஸ்ஸில், செய்தித்தாளில் சுற்றி, சின்னராஜின் மச்சான் அனுப்பியிருந்தார். ஒளித்து வைத்திருக்கலாம். ஆனால் பஸ் ஸ்டாண்டில் பார்சலை வாங்கப் போனதே பாண்டிமுருகன். அவன் சைக்கிள் கடைக்கு வருவதற்குள் செய்தி ஊருக்கே வந்துவிட்டது.

மேஸ்திரி குளித்து, திருநீறு பூசி, வெள்ளைச் சட்டையில் வந்தார். இந்தப் பத்து மாதத்தில் அவரே விசையைத் தட்டப் பழகியிருந்தார். வீரனுக்குப் பலம் முழுவதையும் கொடுத்தார். சுத்தியலை எடுத்தார். நூறு தூண் அரண்மனை வந்தது. படி தேடினார், மாடிக்கு வழியில்லை. சரி என்று ஒரு தூணை அடித்தார். டங். மறுபடி அடித்தார். டங். ஒரு துளி காரை பெயரவில்லை.

"என்னா கட்டுமானம்யா!" என்றார். "கட்டுனவன் கையக் கண்ணுல ஒத்திக்கணும்."

அரை மணி நேரம் அடித்தார். பிறகு ஒரு சுவரில் கீறல் விட்டதைப் போல வரைந்திருந்த இடத்தில் சுத்தியல் தற்செயலாகப் பட்டது. அந்த இடம் மட்டும் பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே ஒரு கதவு.

நான் சி.டி.யோடு வந்த காகிதத்தைப் படித்தேன். எல்லாச் சுவரும் உடைந்தால் சாதாரணக் கம்ப்யூட்டர்கள் தாங்காமல் நின்றுவிடுகின்றனவாம். அதனால் கீறல் போட்ட இடம் மட்டுமே உடையுமாம்.

கடை கொதித்தது. "ஏமாத்திட்டாய்ங்க!" என்றான் பாண்டிமுருகன். குழந்தைவேலு ஒரு பானையை அடித்துப் பார்க்கச் சொன்னார். பானையும் உடையவில்லை. அவர் கண்ணில் நீர் கோத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

"எல்லாம் உங்க லெட்டராலதான் மேஸ்திரி. அதச் செய்யாத, இதத் தொடாதன்னு எழுதுனீக. பயந்து மொத்தத்தையும் எடுத்துட்டான்" என்றான் பாண்டிமுருகன்.

மேஸ்திரி திரும்பினார். "நான் நெலையத்தாண்டா வேண்டாம்னேன். செவுத்தையுமா வேண்டாம்னேன்?" அவர் குரல் அடிபட்டிருந்தது. "கீறல் விட்டத ஒடைக்க எதுக்குய்யா ஆளு? ஆட்டுக்குட்டி முட்டுனா விழுந்துரும்."

சின்னராஜ் மூன்றாவது கம்ப்யூட்டரின் ஒயரைக் கழற்றிச் சுற்ற ஆரம்பித்திருந்தான். வாக்கு என்றால் மேஸ்திரிக்கு வாக்குதான், நாளைக்குக் கடப்பாரை. அப்போது வாசலில் மெய்யநாதனின் செருப்புச் சத்தம் கேட்டது. மேஸ்திரியின் நல்ல நாள் கெட்ட நாள் கணக்கெல்லாம் இந்தக் கேமுக்காகத்தான் என்று அவருக்கும் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"கேம் வந்துருச்சாமே மேஸ்திரி?" என்றார், ரொம்பத் தன்மையாக. "நாளைக்கு எறக்கிருவமா?"

மேஸ்திரி எழுந்து, வேட்டியைத் தட்டிக்கொண்டார்.

"எது வந்துச்சு? எனக்குக் காட்டுனது செவுரு ஒடையுற கேமு. வந்திருக்கது செவுரு ஒடையாத கேமு. இத நான் எங்க கேட்டேன்? அந்தக் கேம் இன்னும் வரலய்யா."

மெய்யநாதன் என்னைப் பார்த்தார். "அது எப்பத் தம்பி வரும்?"

நான் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தேன். "தேதி எதுவும் போடலண்ணே."

"பினாங்குக்கு நான் என்னன்னு எழுதுறது? செவுரு ஒடையாத கேமு வந்துருச்சுன்னா?"

"பெரிய வீட்ட நாளைக்கே தொடங்குறேன், பின்கட்டுல இருந்து" என்றார் மேஸ்திரி. "மரத்தையும் கல்லையும் பின்வாசல் சந்து வழியா வண்டியில கடத்துறேன். எட்டு மாசம் ஆகும், ஆகட்டும். இந்தக் கொட்டகையில என்ன தேக்கா கெடக்கு? கொடுத்த வாக்குப்படி இதுக்கு இன்னும் நாள் வரல."

பின்கட்டு தொடங்குகிறது என்பதே பத்து மாதத்தில் மெய்யநாதனுக்குக் கிடைத்த முதல் நல்ல செய்தி. அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை மேஸ்திரியின் ஆள்கள் பன்னிரண்டு பேர் கொட்டகையைத் தாண்டிப் பின்னால் போனார்கள். சுண்ணாம்புத் தூசி கடை வரைக்கும் வந்தது. பெல்சி திட்டிக்கொண்டே தன் பழைய சேலையைக் கிழித்துக் கம்ப்யூட்டர்களுக்குப் போர்த்தினாள். மத்தியானம் தலையெல்லாம் வெள்ளையாக மேஸ்திரி எட்டிப் பார்த்தார்.

"தேதி ஏதும் போட்டானா?"

"இல்லண்ணே" என்றான் சின்னராஜ். ஒரு கெட்ட செய்தியை அவ்வளவு சத்தமாக அவன் சொல்லி நான் கேட்டதில்லை.