தூத்துக்குடியில் பார்க்க என்ன இருக்கிறது?

ஜெர்மனிக்கு வந்த புதிதில் எனக்குப் பிடிபடாமல் இருந்தது இவர்களுடைய ஜனவரி மாதம். ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும். உள்ளே மதியச் சாப்பாட்டு மேசையில் எல்லோரும் அடுத்த உர்லாவ்ப், அதாவது விடுமுறை, எங்கே என்று பேசிக்கொண்டிருப்பார்கள். சும்மா பேச்சில்லை. பெண் பார்க்கப் போகிறவர்கள் குடும்பத்தை விசாரிப்பதுபோல ஊர்களை அலசுவார்கள். கிரேக்கத் தீவு என்றால் எந்தத் தீவு, அங்கே தண்ணீர் எப்படி, கூட்டம் எப்படி, ரொட்டி நன்றாக இருக்குமா என்பதுவரை போகும். நான் வேலை பார்ப்பது பிரேமன் நகரத்தில் ஒரு சரக்குக் கப்பல் முகவர் அலுவலகம். என் முறை வரும்போது, "ஊருக்கு, தூத்துக்குடிக்கு" என்பேன். எதிர் இருக்கைக்காரி பெட்ரா ஒவ்வொரு வருடமும் அன்பாகத் திருத்துவாள்: "அது சொந்தக்காரர்களைப் பார்க்கப் போவது. விடுமுறைக்கு எங்கே போகிறாய்?" அவள் மனதில் கள்ளமே கிடையாது. ஆனாலும் பதினான்கு வருடம் அதே கேள்வி விழுந்தால் தைக்கத்தான் செய்யும்.

அவளைக் குறை சொல்லி என்ன செய்ய? எங்கள் ஊர்க்காரர்களே அப்படித்தான். சின்ன வயதில் அப்பாவுக்கு மதுரையிலிருந்தும் மெட்ராஸிலிருந்தும் கூட்டாளிகள் குடும்பத்தோடு வருவார்கள். வந்த மறுநாள் வாசலில் வேன் நிற்கும். ஒரு நாள் குற்றாலம், ஒரு நாள் கன்னியாகுமரி, ஒரு நாள் திருச்செந்தூர், மணப்பாடு என்று சுற்றிவிட்டு ராத்திரி படுக்க மட்டும் தூத்துக்குடிக்கு வருவோம். ஊருக்குத் திரும்பும்போது ஆளுக்கு ஒரு பெட்டி மக்ரூன் வாங்கிக் கொடுத்து ரயிலேற்றுவோம். அந்த முந்திரிப்பருப்பு இனிப்பைத் தவிர எங்கள் ஊரில் அவர்கள் ஒன்றையும் கண்டிருக்க மாட்டார்கள். விருந்தாளிக்குத் தூத்துக்குடியைக் காட்டுவது ஏதோ மரியாதைக் குறைச்சல் என்பதுபோல ஊர் முழுக்க ஒரு வழக்கம். நானும் அதில் வளர்ந்தவள்தான்.

போன வருட ஜனவரியில் பெட்ரா வேறு மாதிரி கேட்டாள். அவளும் அவள் கணவர் டீட்டரும் கேரளத்துக்கு வருகிறார்களாம். வழியில் உன் ஊர் பார்க்கத் தகுந்ததா என்றாள். கோட்டை உண்டா? இல்லை. அரண்மனை? இல்லை. அருவி? இல்லை. முத்து? அது கதையாகிப் போய் எத்தனையோ காலம். ஒவ்வொரு "இல்லை"க்கும் மேசையில் இருந்தவர்கள் என்மேல் இரக்கப்படுவது தெரிந்தது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "வந்து பார், பிறகு சொல்" என்றேன். பெட்ராவுக்கு ஒரு கணக்கு உண்டு. எந்த ஊரானாலும் மூன்று நாள் கொடுப்பாள். அதற்குள் பிடித்தால் இருப்பாள், இல்லையென்றால் மூட்டையைக் கட்டிவிடுவாள். ரோமுக்கும் அதுதான், தூத்துக்குடிக்கும் அதுதான். மூன்று நாள் எங்களுக்கு, மிச்ச இரண்டு வாரம் கேரளத்துக்கு என்று முடிவானது. ஊர் பிடிக்காமல் நாலாம் நாள் காலை அவர்கள் கார் ஏறிப் போய்விட்டால், அந்தச் சாப்பாட்டு மேசையில் என் ஊர்ப் பேரைத் தலை நிமிர்ந்து சொல்ல எனக்கு இனி வாய் இருக்காது.

சேவியர் அண்ணனுக்குப் போன் போட்டேன். அண்ணன் துறைமுகத்தில் கிளியரிங் ஏஜெண்ட். சரக்கு இறக்க ஏற்ற கஸ்டம்ஸில் காகிதம் நகர்த்துகிற வேலை. வெள்ளைக்கார விருந்தாளி என்றதும் சந்தோஷம் தாங்கவில்லை. ஊரைவிட்டு வெளியே எங்கேயும் கூட்டிப் போக வேண்டாம் என்றதும் குரல் மாறிவிட்டது.

"ஏளா, ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? இங்கன என்னத்தக் காட்ட? கரித்தூசியும் கண்டெய்னர் லாரியுமா? அவ்வளவு தொலையிலருந்து வாராவ. நம்ம மானம் போயிரும்."

மார்ச் தொடக்கத்தில் நான் முன்னால் போய்ச் சேர்ந்தேன். அவர்கள் இரண்டு நாள் கழித்து வந்தார்கள். முதல் நாள் முத்தையாபுரம் தாண்டி உப்பளத்துக்குக் கூட்டிப்போனேன். பாத்தி பாத்தியாகத் தண்ணீர், கரையில் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல், கணுக்காலளவு தண்ணீரில் பலகையால் உப்பு வாருகிறவர்கள். பெட்ராவும் டீட்டரும் வரப்பில் நின்றார்கள். நின்றார்கள், நின்றுகொண்டே இருந்தார்கள். ஒரு வார்த்தை இல்லை. அண்ணன் கார் நிழலில் ஒதுங்கி நின்று என்னைக் கூப்பிட்டான். அவுக வாயே தொறக்க மாட்டேங்காவளே, கோவமா, வெயில் ஒத்துக்கலையா என்று கேட்டான். எங்கள் பக்கத்தில் ஒன்று பிடித்துவிட்டால் தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிடுவோம். ஜெர்மன்காரர்கள் பிடித்தால்தான் வாயை மூடுவார்கள் என்பது இத்தனை வருடத்தில் எனக்குத் தெரியும். ஆனால் அந்த வரப்பில் அது எனக்கு நினைவுக்கு வரவில்லை. அண்ணனுக்குத் தங்கையாக மட்டுமே நின்று, தோற்றுப்போனோம் என்று நினைத்தேன்.

இரண்டாம் நாள் மாதா கோயில், பழைய பண்டகசாலைத் தெருக்கள், மரச்சாமான் கடைகள், பொரித்த புரோட்டா. அப்போதும் அதே அமைதி. சாயங்காலம் வீட்டு வாசலில் வேன்காரர் வந்து நின்றார். அண்ணன் என்னைக் கேட்காமலேயே சொல்லிவைத்திருக்கிறான். அண்ணி, எங்கள் பேச்சில் மைனி, புளியோதரை கிண்டிப் பொட்டலம் கட்ட ஆரம்பித்திருந்தாள். கன்னியாகுமரிக்கு விடியுமுன் போய்ச் சேர்ந்தால் சூரியன் கடலிலிருந்து எழும்புவதைப் பார்க்கலாம், அதைப் பார்த்தால்தான் அவர்களுக்கு வந்ததற்குப் பிரயோசனம் என்றான். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. மூன்றாவது நாள் முழுதும் வேனில் போய்விட்டால் என் ஊருக்கு என்ன மிச்சம்? ஆனால் மூத்தவன், விருந்தாளிக்கென்று பார்த்துப் பார்த்துச் செய்கிறான், அவர்கள் முன்னால் எப்படிச் சண்டை போடுவது? சொன்னதை அப்படியே ஜெர்மனில் சொன்னேன்.

பெட்ரா செல்போனில் வரைபடத்தைத் திறந்து விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். "இந்தத் தெருவுக்குக் கிழக்கே கடல்தானே?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அப்படியானால் சூரியன் இங்கேயும் கடலிலிருந்துதானே வரும்?"

நான் அதைத் தமிழில் சொன்னேன். மைனிதான் முதலில் சிரித்தாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. வேன்காரரும் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார். அண்ணன் விட்டுக்கொடுக்கவில்லை.

"வரும். யாரு இல்லன்னா? ஆனா அது வேற, இது வேற. அங்கன பாக்கதுக்குக் கூட்டம் வரும்லா."

இதையும் மொழிபெயர்த்தேன். கூட்டம் இல்லாத இடம் தேடித்தான் நாங்கள் வருடா வருடம் இவ்வளவு செலவு செய்கிறோம் என்றாள் பெட்ரா. அண்ணன் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். வேன்காரருக்குக் காப்பி கொடுத்து அனுப்பச் சொன்னான். பிறகு, நல்லால்லன்னா என்மேல பழி வரப்பிடாது என்று ஒரு நிபந்தனையும் போட்டான்.

விடியற்காலையில் திரேஸ்புரம் கடற்கரைக்கு நடந்தே போனோம். அண்ணனுக்கு அறுபது நெருங்குகிறது. சூரிய உதயம் பார்க்க எத்தனையோ பேரைக் கன்னியாகுமரிக்குக் கூட்டிப் போயிருக்கிறான். சொந்தக் கடற்கரையில் அதற்கென்று ஒரு நாளும் வந்து நின்றதில்லை. தினமும் காலையில் துறைமுகத்துக்கு ஸ்கூட்டரில் போகும்போது எதிர்வெயில் கண்ணில் அடிக்கிறது என்று திட்டுவதோடு அவனுக்கும் சூரியனுக்கும் உள்ள சம்பந்தம் சரி. அன்றைக்கு அது சிவப்பாக, ஈரமாக, அவசரமில்லாமல் தண்ணீரைவிட்டு வெளியே வந்தது. அதன் வெளிச்சத்திலேயே வள்ளங்கள் கரைக்கு வந்தன. மீனை மணலில் கொட்டினார்கள், ஏலம் தொடங்கியது, சீலாவுக்கும் ஊளிக்கும் விலை கூவினார்கள். தூரத்தில் துறைமுகத்துக்குள் நுழைய முறை பார்த்துக் கப்பல்கள் நின்றன. அண்ணன் கொஞ்ச நேரம் பேசாமலே நின்றான். அவனும் ஜெர்மன்காரனாகிவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு டீட்டரின் தோளைத் தொட்டு, அது நிலக்கரிக் கப்பல், அது மரத்தடி ஏற்றியது, அந்தப் பக்கம் நிற்கும் கப்பலுக்குக் கரையில் கட்ட இன்னும் பெர்த் கிடைக்கவில்லை என்று தன் துறைமுக இங்கிலீஷில் ஆரம்பித்தான். டீட்டர் பிரேமன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். இரண்டு பேருக்கும் அதற்குப் பிறகு நான் தேவைப்படவில்லை.

பெட்ரா கவிழ்த்துப் போட்டிருந்த வள்ளத்தின்மேல் உட்கார்ந்து கன்னியாகுமரிக்குக் கட்டிய புளியோதரையைச் சாப்பிட்டாள். வெயில் ஏறும்வரை எழுந்திருக்கவில்லை. கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு, கேரளத்து அறையை ரத்து செய்ய யாருக்குப் போன் பண்ண வேண்டும் என்று கேட்டாள்.

"என்னளா சொல்லுதாவ?" என்றான் அண்ணன்.

"கேரளாவுக்குப் போகலையாம்ணே. மிச்ச நாளும் இங்கனதானாம்."

அண்ணன் வேட்டியை அவிழ்த்து மறுபடி கட்டினான். இரண்டு முறை கட்டினான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. வெட்கப்படாமல் சொல்கிறேன், படித்துப் பட்டம் வாங்கிய அன்றுகூட எனக்கு அப்படியொரு பெருமை இருந்ததில்லை. மூன்று நாள் கொடுத்தவள் பதினேழு நாள் இருந்தாள். அண்ணன் துறைமுகத்தில் லீவு சொல்லிவிட்டு முயல் தீவு, ஆலந்தலை, சங்கு குளிக்கிறவர்களின் படகு என்று அவர்களை இழுத்துக்கொண்டு அலைந்தான். இப்போது மெட்ராஸிலிருந்து யார் வந்தாலும் வேன் கிடையாதாம். விடியுமுன் எழுப்பித் திரேஸ்புரத்தில் நிறுத்திவிடுகிறானாம். மைனி அலுத்துக்கொள்கிறாள்.

இந்த வருட ஜனவரியில் மேசையில் ஊர்கள் அலசப்பட்டபோது பெட்ராதான் முதலில் பேசினாள். தூத்துக்குடி என்று தப்பில்லாமல் உச்சரித்து, அங்கே போகாதவர்கள் இந்தியாவைப் பற்றிப் பேச வேண்டாம் என்றாள். கணக்குப்பிரிவில் இரண்டு பேர் விமான டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அடுத்து என்னிடம் எங்கே என்று கேட்டபோது நான் சொன்ன பதிலை யாரும் திருத்தவில்லை.

போன வாரம் அண்ணன் போன் பண்ணினான். விசா கிடைத்துவிட்டது, கோடையில் அவனும் மைனியும் வருகிறார்கள். நான் உற்சாகமாகத் திட்டத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். இரண்டு நாள் பாரிஸ், அங்கிருந்து சுவிட்சர்லாந்து, திரும்பி வரும்போது ஆம்ஸ்டர்டாம். கார் ஏற்பாடு செய்தாயிற்று, பிரேமனில் ராத்திரி படுக்கை மட்டும்தான். அண்ணன் முழுதும் கேட்டுக்கொண்டான்.

"அதெல்லாம் கெடக்கட்டும், ஏளா. ஒன் ஊர எப்பக் காட்டுவ?"

என் ஊர் என்று அவன் எதைச் சொல்கிறான் என்பது புரிய எனக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று. போனைக் காதில் வைத்தபடி ஜன்னலுக்குப் போனேன். கீழே பிரேமனின் வேஸர் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. இந்த வீட்டுக்கு அது கிழக்கா மேற்கா என்று அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தேன்.