வெள்ளைக் கரடிக்குப் பக்கத்தில் கொஞ்சம் சிரியுங்கள்

படம் எடுப்பது என்பது, பிறர் முகத்தில் இருக்கும் கோளாறுக்கெல்லாம் நாம் பொறுப்பேற்கும் தொழில். அதையாவது சகித்துக்கொள்ளலாம். நான் எடுத்த படம் என் முதலாளியின் பெயரில் பத்திரிகையில் வந்ததை எப்படிச் சகிப்பது? அநியாயம் நடந்தது எனக்கு. செய்தவர் சிராங்கூன் ரோட்டில் ஸ்டூடியோ வைத்திருக்கும் என் முதலாளி. வாடிக்கையாளரிடமும் முதலாளியிடமும் மாட்டிக்கொண்டிருக்கும் சக கைதிகளே, நீங்களே கேட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்தது

பல்கலைக்கழக விடுமுறை. கடலோரத்தில் மிருகங்களை வாங்கி விற்கும் ஒருவர் தம் தோட்டத்தையே மிருகக்காட்சி சாலையாக்கி வைத்திருந்தார். அங்கே ஒரு வெள்ளைக் கரடி வந்து இறங்கியது. அடுத்த கப்பல் கிடைக்கும்வரை இரண்டு மாதம் நம் வெயிலில் வேக வேண்டும் என்பது அதன் தலையெழுத்து. கூண்டுக்கு முன்னால் ஜனங்களை நிறுத்திப் படம் எடுக்க என் முதலாளி அனுமதி வாங்கினார்.

பல்கலைக்கழகப் புகைப்படக் கழகத்தில் இரண்டு வருஷம் கற்ற கை என்னுடையது. அதனால்தான் என்னைச் சேர்த்துக்கொண்டார் என்று நம்பினேன். அவரோ, "பொம்பளைப் பிள்ளை கேமரா பிடிச்சா பொம்பளைங்க கூசாம நிப்பாங்க. மத்தபடி உன்கிட்ட என்ன இருக்கு?" என்றார்.

கரடியின் நிறம், பெண்ணின் நிறம்

கரடிக்குத் தக்கபடி வெளிச்சம் வைத்தால் நம்மவர் முகம் கரியாகிவிடும். முகத்துக்குத் தக்கபடி வைத்தால் கரடி காணாமல் போய், பின்னால் வேட்டி காயப் போட்ட மாதிரி ஒரு வெளுப்பு மட்டும் மிஞ்சும். இரண்டுக்கும் நடுவில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

தோ பாயோவிலிருந்து ஓர் அம்மா மகளோடு வந்தார். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பப் படம் வேண்டுமாம். பிரதியைப் பார்த்ததும், "ஏம்மா, என் பொண்ணை இப்படிக் கறுப்பாக்கிட்டியே!" என்று கடையே அதிரக் கத்தினார்.

"பக்கத்துல நிக்கறது வெள்ளைக் கரடிம்மா. அதுக்குப் பக்கத்துல வெள்ளைக்காரியே நின்னாலும் மாநிறம்தான்" என்றேன்.

"அப்ப கரடியைக் கொஞ்சம் கறுப்பாக்கிக் குடு."

அதுவரை தலை குனிந்திருந்த மகள் நிமிர்ந்தாள். "கரடி படத்தை மட்டும் அனுப்பும்மா. வெள்ளையா இருக்கு, எதிர்த்துப் பேசாது. அவங்க கேட்டது அதானே?"

பச்சை

ஒரு மாதத்தில் கரடி பச்சையாகிவிட்டது. பொய் இல்லை; தொட்டித் தண்ணீரில் இருந்த பாசி அதன் ரோமத்தில் குடியேறிவிட்டது. அந்த நேரம் பார்த்து ஒரு குமாஸ்தா, தன் குடும்பப் படத்துக்குக் கையால் வர்ணம் தீட்டித் தரச் சொன்னார். கண்ணால் கண்டபடியே கரடிக்கு இளம்பச்சை தீட்டினேன்.

"மிஸ், நான் வெள்ளைக் கரடி பாக்கத்தான் டிக்கெட் வாங்கினேன் லா!"

"நேர்ல போய்ப் பாருங்க சார், பச்சையாத்தான் இருக்கு" என்று வாதாடினேன். ஒரு மணி நேரம் வாதாடியிருப்பேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "நேர்ல எப்படி வேணா இருக்கட்டும் மிஸ். படத்துல எதுக்கு உண்மை?"

ஐஸ்

தினமும் மதியம் கூண்டுக்குள் ஒரு பெரிய ஐஸ் கட்டியைத் தள்ளுவார்கள். மூன்று மதியம் காத்திருந்தேன். மூன்றாம் நாள் கரடி அந்த ஐஸை இரண்டு கையாலும் வாரி அணைத்து, அதன் மேல் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடியது. எடுத்துவிட்டேன். ஓரத்தில் ஓர் இடைஞ்சல் விழுந்திருந்தது. அதை விட்டுவிட்டுக் கரடியை மட்டும் அச்சிட்டு முதலாளியிடம் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் அது பெரிதாக வந்தது. கீழே முதலாளியின் பெயர்!

கேட்கப் போனேன். "கேமரா யாருது? பிலிம் யாருது?" என்றார்.

"கண்ணு யாருது?" என்றேன்.

"இதோ பாரு, அன்னிக்கு மேற்பார்வைக்கு நானும் அங்கதான் இருந்தேன். மறந்துட்டியா?"

ஓரத்து இடைஞ்சல்

மறக்கவில்லை. நெகடிவும் மறக்கவில்லை. அதை முழுசாக, பெரிதாக அச்சிட்டுக் கடையின் கண்ணாடி ஜன்னலில் பத்திரிகைத் துண்டோடு சேர்த்து ஒட்டினேன். நடுவில் கரடி, ஐஸை அணைத்தபடி. வலது ஓரத்தில் மடக்கு நாற்காலியில் என் முதலாளி. தொப்பி வயிற்றின் மேல். கண் மூடி, வாய் திறந்து, கரடியைவிடச் சுகமான தூக்கம்.

பத்து மணிக்குள் ஜன்னல் முன் கூட்டம். பக்கத்துப் பூக்கடை அக்கா உள்ளே எட்டிப் பார்த்து, "அண்ணே, தூங்கிக்கிட்டே படம் எடுக்கறது எப்படின்னு எனக்கும் சொல்லிக் குடுங்களேன்!" என்றார்.

முதலாளி படத்தைப் பிய்த்தார். "நெகடிவ் என்கிட்ட இருக்கு" என்றேன். பிறகு பத்திரிகைக்குப் போன் செய்யக் கிளம்பியவர், வாசலில் நின்று திரும்பினார்.

"உன் பேரையே போடச் சொல்றேம்மா. ஆனா ஒண்ணு. நான் தூங்கலை, கண்ணை மூடி யோசிச்சுக்கிட்டிருந்தேன்."

ஆக, அந்த இரண்டு மாதத்தில் நான் எடுத்த எல்லாரிலும் தன் படத்தைப் பற்றிப் புகார் சொல்லாதது கரடி ஒன்றுதான்; அதற்கும் கப்பல் கிடைத்துவிட்டது.