நான் எழுதிக் கொடுத்த வசனம்

சனிக்கிழமைகளில் யாழ்ப்பாண நகரத்தில், ஒரு மாடி அறையில், வேலை செய்பவர்களுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறேன். இலக்கணம் குறைவு. கந்தோரில் கதைக்க வேண்டிய ஆங்கிலம்தான் அதிகம்: தொலைபேசியில் ஒருவரின் பெயரைத் திருப்பிக் கேட்பது, கூட்டத்தில் குறுக்கே பேசுவது, பிந்திப்போன வேலைக்கு மன்னிப்புக் கேட்டு மின்னஞ்சல் எழுதுவது. வங்கிப் பிள்ளைகள், ஒரு தாதி, ஹோட்டல் வரவேற்பில் நிற்கும் இரண்டு பேர் என்று பத்துப் பேரளவில் வருவார்கள். அந்த வருடம் குருநகரிலிருந்து ஓர் அக்காவும் வந்து சேர்ந்தார்.

என்னைவிட எட்டு வயது மூத்தவர். நண்டு பதப்படுத்தி வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கம்பனியில் மேற்பார்வையாளர். தகப்பனும் தமையன்மாரும் கடல் தொழில். ஒரு நண்டைக் கையில் எடுத்தால், உள்ளே சதை எவ்வளவு, பிடித்து எத்தனை மணித்தியாலம் என்று சொல்லிவிடுவார். ஆனால் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் காலை ஒன்பது மணிக்கு, சிங்கப்பூரில் அந்த நண்டை வாங்கும் பெண் அதிகாரி வீடியோ அழைப்பில் வரும்போது, அவருக்கு நாக்கு எழும்பாது. பக்கத்தில் இருக்கும் முதலாளி எல்லாவற்றுக்கும் 'யெஸ், யெஸ், நோ ப்ராப்ளம்' என்று சொல்லிவிடுவார். பிறகு அந்த 'நோ ப்ராப்ளத்தை' நிறைவேற்ற ஓடித்திரிவது அக்காவின் வேலை.

"ரீச்சர், ஒரு நாளைக்கு வந்து பக்கத்திலை இருங்கோவன்," என்று ஒரு சனிக்கிழமை கேட்டார். "கமராவிலை தெரியாமல். எனக்கு வசனம் வராட்டி எழுதிக் காட்டுங்கோ."

மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் உடனே தலையாட்டினேன்.

கந்தோர் என்றால் தொழிற்சாலையின் ஒரு மூலையில் பலகை அடித்துப் பிரித்த அறை. மறுபக்கத்தில் வெள்ளைத் தொப்பியும் முழங்கால் வரைக்கும் சப்பாத்தும் போட்ட பெண்கள் நீளமான மேசைகளில் நண்டு உடைப்பார்கள். அந்தச் சத்தம் பலகைக்குள்ளால் வந்துகொண்டே இருக்கும். நான் மடிக்கணினிக்கு இடப்பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு, கொப்பியை மடியில் விரித்து வைத்திருப்பேன். அக்கா கண்ணை ஓட்டி வாசிப்பார். முதல் செவ்வாயில் மூன்று வசனம். இரண்டாவதில் ஏழு, எட்டு. சிங்கப்பூர்ப் பெண் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினாள். முதலாளி எனக்குத் தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார்.

உண்மையைச் சொன்னால், எனக்கு அது பிடித்திருந்தது. வகுப்பில் கரும்பலகையில் எழுதும் வசனத்தை அடுத்த கிழமை ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது. இங்கே நான் எழுதிய வசனம் அந்த நிமிடமே கடல் கடந்து போகிறது. மறுபக்கத்தில் ஒருத்தி தலையாட்டுகிறாள். அக்காவுக்கு வார்த்தை தட்டுப்படும் வரைக்கும் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லாமல் போயிற்று. அவர் வாயைத் திறக்க முன்னமே எழுதி நீட்டினேன்.

நாலாவது செவ்வாய்க்கு முதல் நாளே காற்று எழும்பிவிட்டது. ஒரு வள்ளமும் இறங்கவில்லை. கடலுக்குப் போக வேண்டாம் என்று வானொலியில் திருப்பித் திருப்பிச் சொன்னார்கள். அன்றைக்கென்று சிங்கப்பூர்ப் பெண் அவசரத்தில் இருந்தாள். வருகிற திங்கட்கிழமை முழுப் பெட்டிகளும் பெரிய நண்டாக அனுப்ப முடியுமா என்று கேட்டாள்.

அக்கா என் பக்கம் லேசாகத் திரும்பி, உதடு அசையாமல், "ஏலாது ரீச்சர், காத்து," என்றார்.

எதிரே முதலாளி பேனையைத் தட்டிக்கொண்டு எங்களைப் பார்த்தபடி இருந்தார். முகத்துக்கு நேரே ஏலாது என்று சொல்லாதீர்கள், மெதுவாகச் சொல்லுங்கள் என்றுதான் நான் வகுப்பில் படிப்பிப்பது. கை தானாக எழுதியது: 'வீ வில் டூ அவர் பெஸ்ட்.'

அக்கா வாசித்தார். மூன்று கிழமைப் பயிற்சியில் உச்சரிப்பு நன்றாகவே வந்தது. திரையில் அந்தப் பெண் சிரித்தாள். 'அருமை, அப்போ திங்கட்கிழமை,' என்று சொல்லி அழைப்பை வைத்துவிட்டாள்.

"இப்பிடித்தான் கதைக்கவேணும்," என்று முதலாளி எழும்பிப் போனார்.

அக்கா என் கொப்பியை எடுத்து அந்த வசனத்தின் கீழ் விரலை வைத்தார். "நான் இப்ப என்ன சொன்னனான்?"

"எங்களாலை ஏலுமானதைச் செய்யிறம் எண்டு."

"நான் ஏலாது எண்டெல்லோ உங்களிட்டைச் சொன்னனான்."

"அதுதான் அக்கா. மரியாதையாச் சொன்னா அதுக்கு அதுதான் கருத்து."

அவர் விரலை எடுக்கவில்லை. "அப்ப அவ ஏன் சிரிச்சவ?"

வீட்டில் வேலை கிடக்கிறது என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன்.

அந்தக் கிழமை எனக்கு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. எங்கள் வீடு மருதனார்மடத்தில், சந்தைக்கு நடந்து போகிற தூரம். புதனும் வியாழனும் காலையிலும் பின்னேரமும் சந்தைக்குப் போனேன். மரங்களின் தலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தபடி நடந்தேன். போனில் காலநிலையைப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் மறுபடி பார்த்தேன். அக்காவின் இலக்கத்தை எடுத்துவிட்டு அழைக்காமல் வைத்தேன். அழைத்தால் என்ன கேட்பது? நண்டு கிடைத்ததா என்றா? உடனே சிங்கப்பூருக்கு எடுத்துத் திருத்திச் சொல்லுங்கள் என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் நான் எழுதியது பிழை என்றாகிவிடும். அதுதான் தடுத்தது. இப்போது எழுதும்போது எவ்வளவு சின்ன விஷயமாகத் தெரிகிறது.

"உமக்கு என்ன நடந்தது?" என்று வெள்ளிக்கிழமை கணவர் கேட்டார். "மூண்டாம் தரமும் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறீர்."

சனிக்கிழமை அக்கா வகுப்புக்கு வரவில்லை.

ஞாயிறு காலை ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பூட்டியிருக்கும் தொழிற்சாலைப் படலை திறந்து கிடந்தது. திங்கட்கிழமைப் பெட்டிகளை நிரப்ப முதலாளி வேறு கரையில் வாங்கிய நண்டு ஒரு லொறியில் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. எல்லாம் சின்னவை. உள்ளே மேசைகளில் பெண்கள் உடைத்துக்கொண்டிருந்தார்கள். முக்கால்வாசிப் பேர் அக்காவின் தேவாலயப் பங்கைச் சேர்ந்தவர்கள். காலைப் பூசைக்குப் போக வேண்டியவர்கள். அக்கா மேசைகளுக்கு நடுவே நின்றார். அவர் தலையில் தொப்பிகூட இல்லை.

ஒரு பெண் வேலையிலிருந்து தலை நிமிராமலே, எனக்கும் கேட்கும்படியாக, "உன்ரை இங்கிலீசாலை எங்களுக்குப் பூசையும் போச்சு," என்றாள்.

நான் நேரே கந்தோர் அறைக்குள் போய் முதலாளியிடம் சொன்னேன்: "அந்த வசனம் அக்கான்ரை இல்லை. அவ ஏலாது எண்டுதான் சொன்னவ. நான்தான் அப்பிடி எழுதிக் குடுத்தனான்."

அவர் கோபப்படவில்லை. களைத்துப்போன முகத்தோடு, "உங்களை நான் வேலைக்கு வைக்கேல்லை ரீச்சர். கதைச்சது அவ," என்றார். பிறகு, "நல்ல இங்கிலீசிலை ஒரு ஈமெயில் எழுதித் தாங்கோ. இந்தச் சைஸிலையே எடுக்கச் சொல்லிப் பாப்பம்," என்றார்.

நான் கதிரையை இழுத்து உட்காரப் போனேன். பின்னால் அக்காவின் குரல் கேட்டது.

"வேண்டாம். நான் கதைக்கிறன். இப்பவே." என்னைப் பார்த்தார். "ரீச்சர், நீங்கள் கொஞ்சம் வெளியிலை நில்லுங்கோ."

பலகைக்கு வெளியே நின்றேன். அக்கா தன் போனில் சிங்கப்பூருக்கு எடுத்தார். அவருடைய ஆங்கிலம் எனக்குத் துண்டு துண்டாகக் கேட்டது. காற்று என்றார். வள்ளம் போகவில்லை என்றார், இறந்தகாலம் வர வேண்டிய இடத்தில் நிகழ்காலம் போட்டு. இருப்பது சின்ன நண்டு, அதை அனுப்பமாட்டேன். முன்னமே எடுத்து வைத்த பெரியது பாதிப் பெட்டிகளுக்குத்தான் இருக்கிறது. மற்றப் பாதி காற்று நின்று மூன்றாம் நாள். ஒவ்வொரு வசனத்திலும் ஒரு பிழை. நான் என்னை அறியாமல் விரலால் பலகையில் திருத்தி எழுதிக்கொண்டு நின்றேன். கையை மடக்கிப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

அழைப்பு முடிந்தது. பிறகு அக்கா வெளியே வந்தார்.

"என்ன சொன்னவ?"

"செவ்வாய்க்கிழமை ஏன் சொல்லேல்லை எண்டு கேட்டவ."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"பயந்துபோனன் எண்டு சொன்னனான்."

பயந்தது நான். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் மேசைகளின் பக்கம் போய், கையிலுள்ளதை முடித்துவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போகலாம், பின்னேரப் பூசைக்காவது போகலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். முதலாளி அறை வாசலில் நின்று பார்த்தார், தடுக்கவில்லை. குத்தலாகக் கதைத்த பெண் தொப்பியைக் கழற்றிவிட்டு அக்காவைப் பார்க்காமலே போனாள்.

சிங்கப்பூர்ப் பெண் அந்தப் பாதிப் பெட்டிகளை எடுத்தாள். அதற்குப் பிறகு இரண்டு கிழமை ஒன்றும் கேட்கவில்லை; வேறு யாரிடமோ வாங்கியிருக்கிறாள். முதலாளி அந்த இரண்டு கிழமையும் அக்காவோடு கதைக்கவில்லையாம். மூன்றாவது கிழமை மறுபடி அழைப்பு வந்தது. இந்தத் தடவை அவள் முதலாளியை விட்டு நேரே அக்காவிடம், கடல் எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறாள். இதெல்லாம் வகுப்புக்கு வரும் தாதி, அக்காவின் அயல்காரி, சொல்லித்தான் எனக்குத் தெரியும். அக்கா ஒரு மாதமாக வகுப்பின் பக்கமே வரவில்லை. படியில் காலடி கேட்கும் போதெல்லாம் நான் வாசலைப் பார்ப்பேன்.

ஒரு சனிக்கிழமை வந்தார். ஒன்றும் நடவாதவர் போல முன் வரிசையில் இருந்து கொப்பியை விரித்தார். நான் முறைப்பாட்டுக் கடிதம் ஒன்றைப் பலகையில் எழுதியிருந்தேன். நீளமான, வளைந்து நெளிந்த ஆங்கிலம்.

"ரீச்சர்," என்றார், "உந்தக் கடிதத்தை வாசிச்சா அவைக்கு என்ன கோவமெண்டு விளங்குமே?"

வங்கிப் பிள்ளை ஒருத்தி, "இல்லை அக்கா, இப்பிடி எழுதாட்டி எங்கடை மனேச்சர் கையெழுத்து வைக்கமாட்டார்," என்றாள். தாதி அக்காவின் பக்கம். ஹோட்டல்காரர் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம். அரை மணித்தியாலம் வாக்குவாதம் நடந்தது, பாதி தமிழில். நான் ஒரு வரியை அழித்துச் சுருக்கி எழுதினேன். அது முரட்டுத்தனமாகத் தெரிந்தது. பழையபடி எழுதினேன். பஸ் நேரம் வந்து எல்லாரும் எழும்பினார்கள். படியில் இறங்கும்போதும் விடாமல் தர்க்கித்துக்கொண்டே போனார்கள். எது சரியென்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த கிழமை எங்கே தொடங்குவது என்ற யோசனையோடு ஸ்கூட்டிச் சாவியைத் தேடினேன்.