நல்லெண்ணெய் எலிகள்

எழுபதுகளில் அடையாற்றில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எலிகளுக்குச் சமைத்துப் போடுவதுதான் என் வேலை. இப்படிச் சொன்னால் அம்மாவுக்குக் கோபம் வரும். 'ஆராய்ச்சி பண்றா' என்றுதான் அவள் அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தாள். ஒரு கூட்டத்து எலிகளுக்குத் தீவனத்தில் வனஸ்பதி, இன்னொரு கூட்டத்துக்கு நல்லெண்ணெய். எந்தக் கொழுப்பைத் தின்றால் பயம் குறைகிறது என்று பார்க்க வேண்டும்.

"எங்க ஊட்ல கூட இவ்ளோ நல்லெண்ண ஊத்தறதில்லம்மா" என்பார் கூண்டு கழுவுகிறவர்.

பயத்தை அளக்க ஒரு பெரிய மரப்பெட்டி, அதன் தரையில் கட்டங்கள். எலியை ஒரு மூலையில் விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் நின்று குனிந்து பார்ப்பேன். பயந்த எலி சுவரை ஒட்டியே ஊர்ந்து புழுக்கை போடும். பயமில்லாதது நடுவே வரும். வெள்ளிக்கிழமைதோறும் இந்தப் பரீட்சை. வனஸ்பதி எலிகள் மூலையை விட்டு நகராது. நல்லெண்ணெய் எலிகளோ நடுக்கட்டங்களைக் கடந்து நேரே என் பக்கம் வந்து மீசையை ஆட்டும். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

வீட்டில் வந்து சொன்னேன். அபிராமபுரத்தில் எங்கள் வீட்டிலும் பயந்தவர் ஒருவர் இருந்தார். என் அப்பா. குக்கர் விசில் அடித்தாலே அவருக்குத் தூக்கிவாரிப் போடும். சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்து, வாசல் கேட்டைப் பூட்டினோமா என்று எச்சில் கையோடு போய்ப் பார்ப்பார். திரும்பி வந்தால் சோறு இறங்காது. ஆள் இளைத்துக்கொண்டே போனார். உடம்பில் கோளாறு ஒன்றுமில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

நான் சொன்ன மறுநாளே அம்மா வனஸ்பதி டப்பாவை எதிர்வீட்டுக்குத் தானம் செய்துவிட்டாள். தோசை, குழம்பு, பொரியல் எல்லாமே நல்லெண்ணெய். நானும் சும்மா இருக்கவில்லை. அதுவரை புத்தகமும் கையுமாக உள்ளறையில் தனியே சாப்பிட்டுக்கொண்டிருந்தவள், அப்பா பக்கத்தில் இலையைப் போட்டுக்கொண்டு அவரைக் கவனிக்க ஆரம்பித்தேன். உற்றுப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று, எலிகள், பஸ்ஸில் நடந்த சண்டை என்று எதையாவது பேசிக்கொண்டே இருப்பேன். சில வாரங்களில் அப்பா எழுந்து போவது குறைந்தது. பிறகு நின்றே போனது. ஒரு நாள் இரண்டாம் தடவை ரசம் கேட்டார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

மழைக்காலத்தில் எனக்கு ஜலதோஷம் பிடித்தது. அந்த வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கவில்லை. அன்று பெட்டியில் விட்ட நல்லெண்ணெய் எலிகள் ஒன்றுவிடாமல் மூலையில் ஒடுங்கின. மூக்கை உறிஞ்சிக்கொண்டே பார்த்து நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. ஒவ்வொரு வெள்ளியும் சீயக்காய்க்கும் போகாத நல்லெண்ணெய் வாசனையோடு அல்லவா அந்தப் பெட்டிமேல் குனிந்திருக்கிறேன்! ஒரு துணியை நல்லெண்ணெயில் நனைத்து எதிர்மூலையில் போட்டேன். எலிகள் நடுக்கட்டங்களைக் கடந்து ஓடின. தைரியமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இத்தனை நாளும் சாப்பாட்டு வாசனை பிடித்து என் தலையைத் தேடி வந்திருக்கின்றன.

வேலையெல்லாம் வீணாய்ப் போன ஆத்திரம் ஒரு பக்கம். அதைவிட அப்பாவை நினைத்துத்தான் பயமாக இருந்தது. எண்ணெயில் ஒன்றுமில்லை என்று தெரிந்தால் மறுபடி கேட்டுக்கு ஓட ஆரம்பித்துவிடுவாரோ? ஆனால் மூடி மறைக்க எனக்கு வராது. அன்றைய சாப்பாட்டின்போதே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அம்மா கரண்டியோடு நின்றுவிட்டாள். "அப்போ இவருக்கு மட்டும் எப்படிடீ சரியாச்சு?"

அப்பா தலை நிமிராமல் மோர்சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தார். "எண்ணெய் எதை வேணா ஊத்திக்கோ" என்றார் அவளிடம். பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு என் பக்கம் திரும்பினார்.

"எலி ஆராய்ச்சி முடிஞ்சுபோச்சுன்னு, நீ மறுபடியும் புஸ்தகத்தை எடுத்துண்டு உள்ளே போயிடாதே."